விருச்சிகத்துக்கு என்ன போட்டிருக்கு

ஆகஸ்ட் 4
விருச்சிகம்: பொறுமை

என் பெயர் சங்கிலி. வயது அறுபத்தொன்பது. இந்த இரண்டு வாக்கியங்களையும் நானே எழுதினேன். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித் தரவில்லை.

எழுத்தறிவு வகுப்பில் பரீட்சை முடிந்த அன்று டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்க அய்யா, இல்லாட்டி எழுத்து ஓடிப்போயிரும்" என்றார். நாலு மாதம் கழித்து இன்றுதான் தொடங்குகிறேன். தாள் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் நாற்பத்தொரு வருஷம் இருந்தவன் தாள் இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இது அச்சு பழுதான தாள். பின்பக்கம் வெள்ளை. நானே வெட்டினேன், நானே நோட்டாகத் தைத்தேன்.

வெட்டுவதுதான் என் தொழில். கட்டிங் மெஷின். வலது கைச் சுட்டுவிரலை அது எடுத்துக்கொண்டது. அதனால் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கி எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகிறது. பீடியை விட்டு ஆறு வருஷம். கணக்கு மட்டும் அதில்தான் வருகிறது.

இப்போது நான் வெட்டுவதில்லை. திருத்துகிறேன். ஜூன் மாதம் அச்சக வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது கழிவுத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷத்து ஆடி அமாவாசையை 'ஆடி அமவாசை' என்று அடித்திருந்தார்கள். ஒரு கால் விட்டுப்போயிருந்தது. இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். முதலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படிச்சவன் வார்த்தையைப் பார்க்கான். சங்கிலியண்ணன் எழுத்தைப் பார்க்காரு. உள்ள வந்து உக்காருங்கண்ணே."

அன்றிலிருந்து எனக்கு ஒரு நாற்காலி, ஒரு சிவப்புப் பேனா.

நானாகப் படித்த முதல் பெரிய வார்த்தை தடங்கல். சித்திரை மாதம், வீட்டுக் காலண்டரில், விருச்சிகத்துக்கு நேராக. த, ட, ங், க, ல். ஐந்து எழுத்து. அதுவரை நான் மூன்று எழுத்தைத் தாண்டியதில்லை. சத்தமாகப் படித்தேன். நல்லம்மாள் அப்போது பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

நல்லம்மாள் என் மனைவி. இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் ஆறு முறை கூப்பிட்டுவிட்டாள். தண்ணீர், தலையணை, ஃபேன், மறுபடியும் தண்ணீர், பூனை, ஒன்றுமில்லை. ஆறு தடங்கல்.

ஆகஸ்ட் 5
விருச்சிகம்: லாபம்

'ழ' அழகான எழுத்து. ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். நாலு தடங்கல்.

ஆகஸ்ட் 7
விருச்சிகம்: பயம்

தினமும் காலையில் நான் காலண்டர்ச் சீட்டைக் கிழிப்பேன். அவள் கட்டிலில் இருந்தபடி, "விருச்சிகத்துக்கு என்ன போட்டிருக்கு?" என்பாள். கல்யாணமான காலத்திலிருந்து இது நடக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் சீட்டை எடுத்துக்கொண்டு அவளே தெருவில் இறங்குவாள். பால்காரர், கடைக்காரர், பக்கத்து வீட்டு வேலம்மா, யார் கண்ணில் பட்டாலும் காட்டிக் கேட்பாள்.

அவள் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. பெயர் 'ந'வில் தொடங்குவதால் அனுஷம், விருச்சிகம் என்று ஒரு ஜோசியர் சொன்னார். சாட்சி அவ்வளவுதான். காலண்டரில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தையில்தான் பொழுது விடியும்.

இன்று நான் பயம் என்று படித்தேன். தப்பில்லாமல், நிறுத்தாமல் படித்தேன். அவள் கஞ்சியைத் தொடவில்லை.

"பயம்னு போட்டிருக்கே. தொண்டையில சிக்கிக்கிட்டா?"

"கஞ்சி எங்கயாச்சும் சிக்குமா?"

"போட்டிருக்குல்ல" என்றாள்.

சாயங்காலம் வரை வெறும் வயிறு.

ஆகஸ்ட் 10
விருச்சிகம்: அலைச்சல்

மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரி. போன தடவை எடுத்த படத்துக்கு முடிவு வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்டார். பிறகு ஒன்று சொன்னார். அதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். திருமங்கலம் வரை ஒன்றுகூட விடவில்லை. நல்லம்மாள் கேட்டாள்:

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"நல்லாச் சாப்பிடச் சொன்னாரு."

"இதைச் சொல்லவா மதுரைக்கு வரச் சொன்னாரு?"

ஆகஸ்ட் 11
விருச்சிகம்: விரயம்

சீட்டைக் கிழித்தேன். விரயம் என்று போட்டிருந்தது. சுகம் என்று படித்தேன்.

அவள் சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றரை இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 16
விருச்சிகம்: செலவு

எழுத உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. வேலம்மா போனை எடுத்துக்கொண்டு வந்து, அவள் மருமகன் அனுப்பியதைப் படிக்கச் சொன்னாள். அது ஒரு காலை வணக்கம், பூப்படத்தோடு. அடுத்து கேஸ் சீட்டு. அடுத்து, ஊறுகாய்ப் பாட்டிலில் தேதி முடிந்துவிட்டதா என்று. முடிந்துவிட்டது. நான் படித்துச் சொன்னது பிடிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

"சங்கிலி மாமா கவர்னராயிட்டாக. இனி டோக்கன் போட்டுத்தான் பார்க்கணும்" என்று போகும்போது தெருவுக்குக் கேட்கச் சொன்னாள்.

நல்லம்மாள் உள்ளே இருந்து சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பது தடங்கல். அதில் இரண்டு மாத்திரைக்கு.

ஆகஸ்ட் 23
விருச்சிகம்: தாமதம்

இன்று எழுத நிறைய இருக்கிறது. மூன்று நாள் ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவள் செண்பகவல்லி. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா இல்லாத பெண், என்னை அய்யா என்பாள். நான் சிவப்பு மையில் போட்டுக் கொடுப்பதை அவள்தான் கம்ப்யூட்டரில் மாற்றுவாள். இன்று அவளிடம் கேட்டேன்.

"தாயி, இந்த ராசிக்கெல்லாம் வார்த்தை போடுறது எந்த ஜோசியரு?"

"எந்த ஜோசியரு? பஞ்சாங்கம் மட்டும்தான் ஜோசியரு அனுப்புவாரு. நல்ல நேரம், எமகண்டம், திதி, நட்சத்திரம். வார்த்தையெல்லாம் நம்ம போடுறதுதான்."

"நம்மன்னா?"

"நான்தான். போன வருஷ ஃபைலை எடுத்து முன்னபின்ன மாத்தி விட்டுருவேன். ஒரே ராசிக்கு ஒரே வார்த்தை அடுத்தடுத்த நாள் வராமப் பார்த்துக்கிட்டாப் போதும். எனக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தான் செஞ்சாராம்."

நான் கேட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அன்று ஒரு தாளும் திருத்தவில்லை.

முதல் நாள் ஒன்றை எழுதாமல் விட்டேன். சித்திரையில் நல்லம்மாள் வாசலில் நின்றாள் என்றேன். பையில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. ஒரு மாற்றுச் சேலை, ஒரு துண்டு, ஊர் நர்சம்மா மதுரைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அடிவயிற்றில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, உடனே போய்க் காட்டுங்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். ஏழரை மணி பஸ். கிளம்பும்போது அவள் கேட்டாள், "என்ன போட்டிருக்கு?" நான் எழுத்துக் கூட்டினேன். தடங்கல். சிரித்துக்கொண்டே படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்க இரண்டாவது தடவையும் படித்தேன்.

அவள் பையைத் திரும்ப உள்ளே வைத்தாள். "சரி, இன்னொரு நாள் பார்ப்போம்" என்றாள். நானும் சரி என்றேன். எனக்கு அன்றைக்கு ஐந்தெழுத்து வார்த்தை வந்துவிட்ட சந்தோஷம். இன்னொரு நாள் ஆடியில்தான் வந்தது.

டாக்டர் கேட்ட கேள்வி இதுதான்: "சித்திரையிலேயே எழுதிக் கொடுத்திருக்காங்களே, ஏன் வரலை?"

தடங்கல் என்று போட்டிருந்த அந்தக் காலண்டர்த் தாள் எங்கள் அச்சகத்தில் அடித்த தாள். நான் இருந்த மெஷினில் வெட்டிய தாள்.

செப்டம்பர் 2
விருச்சிகம்: ஆதரவு

அடுத்த வருஷத்து ஜனவரி கடைசித் திருத்தத்துக்கு என் மேஜைக்கு வந்தது. முதல் தேதி, விருச்சிகத்துக்கு நேராகப் பயம். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுகம் என்று எழுதினேன். இரண்டாம் தேதி விரயம். அடித்துவிட்டு வரவு. மூன்றாம் தேதி மேன்மை, அப்படியே விட்டேன். முப்பத்தொன்று வரை போனேன்.

டாக்டர் சொன்னது பொங்கல். பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்றார். தாண்டினால் ஜனவரி இருக்கிறது. நல்ல ஜனவரியாக இருக்கிறது. வீட்டில் நான் பொய் படிக்க வேண்டியதில்லை, போட்டிருப்பதையே படிக்கலாம்.

செண்பகவல்லி ஒன்றும் கேட்காமல் மாற்றினாள். அய்யா திருத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. வெளியே தெரிந்தால் நாற்காலி போய்விடும்.

செப்டம்பர் 14
விருச்சிகம்: கவலை

பிப்ரவரி முடிந்தது. மார்ச் பாதி. வீட்டில் நோட்டைத் திறக்க நேரமில்லை. எழுத உட்கார்ந்தால் வேலை நினைவு, வேலையில் வீட்டு நினைவு. அச்சகத்தில் பகல் முழுக்க நான் எழுதுவது என் எழுத்தா, முதலாளி எழுத்தா தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைதான். ஆனால் நல்லம்மாளுக்கு எழுதுகிறேன். இதுவரை அவளுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

பதினொரு தடங்கல். எழுந்திருக்கக் கை கொடுத்தால் பழைய கனம் இல்லை. நான் மெஷினுக்குத் தூக்கிய தாள்கட்டு இதைவிடக் கனம்.

செப்டம்பர் 27
விருச்சிகம்: நட்பு

கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த முதல் புத்தகம். தென்னை வளர்ப்பு. படம் இருந்ததால் எடுத்தேன். எனக்கு ஒரு தென்னைமரமும் கிடையாது. இருந்தாலும் என்ன, படிக்கச் சுகமாக இருக்கிறது. உப்பு, எரு, குழியின் ஆழம் எல்லாம் தெரிந்துகொண்டேன். பதினாறு நாள் தவணையில் பதினெட்டுப் பக்கம் முடிப்பேன் என்று நினைக்கிறேன். நல்லம்மாளுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

"நம்ம எங்க வைக்கப் போறோம்?" என்றாள்.

"தெரிஞ்சு வச்சுக்கிறதுதான்."

"குழியே இத்தனை அடியா?" என்றாள்.

அதோடு நிறுத்தினேன்.

அக்டோபர் 3
விருச்சிகம்: சிக்கல்

குருத்தழுகல் என்று ஒரு நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மரத்தைக் காப்பாற்றலாம் என்று போட்டிருந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 15
விருச்சிகம்: சோர்வு

ஜூன் மாதத்தில் இருக்கிறேன். ஒரு சங்கடம். செண்பகவல்லி வைத்திருக்கும் பட்டியலில் நல்ல வார்த்தை பத்தொன்பதுதான். மற்றதெல்லாம் கெட்டது, இல்லை இரண்டும் கெட்டான். பத்தொன்பதை வைத்து எத்தனை தடவை சுற்றுவது? அடுத்தடுத்து வரவும் கூடாது. ஆகவே சொந்தமாகப் போட ஆரம்பித்தேன். தூக்கம் என்று ஒரு நாள். காற்று என்று ஒரு நாள். ஜூன் பதினேழுக்குப் பசி என்று எழுதினேன்.

செண்பகவல்லி தாளோடு என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"அய்யா, பசின்னு எங்கயாச்சும் போடுவாங்களா? வாங்கினவன் அடிக்க வருவான்."

"பசி நல்லதுதான தாயி."

"யாருக்கு நல்லது?"

நான் பேனாவைத் துடைத்தேன். அவள் பின்னால் இருந்த தாள்களைப் புரட்டினாள். மே, ஏப்ரல், மார்ச். விருச்சிகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"வீட்ல அம்மா என்ன ராசி?"

நான் அடுத்த தாளை எடுத்தேன். அவள் போய்ப் பசி என்று அடித்தாள்.

அக்டோபர் 21
விருச்சிகம்: நன்மை

போட்டிருந்ததையே படித்தேன். நன்மை. இரண்டு வாய்க் கஞ்சி. கால் வீக்கம்.

அக்டோபர் 30
விருச்சிகம்: இழுபறி

ஜனவரியில் இருந்து ஜூன் வரை அச்சு முடிந்துவிட்டது. அடுக்கி வைத்திருக்கிறார்கள். மணம் நன்றாக இருந்தது. புது மைக்கு ஒரு மணம் உண்டு. நாற்பத்தொரு வருஷமாக அதை முகர்ந்தேன், இப்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து முகர்கிறேன்.

வீட்டுக்கு நர்சம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். இனி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருவார். தடங்கல் எண்ண மறந்துவிட்டேன்.

நவம்பர் 3
விருச்சிகம்: ஏமாற்றம்

தெரிந்துவிட்டது.

திண்டுக்கல் ஏஜெண்ட் ஒருவர் வந்து மாதிரித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார்.

"மொதலாளி, என் மச்சினன் விருச்சிகம். ஆறு மாசத்துக்கு அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிக்காது போலிருக்கே. எனக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு நஷ்டம். மச்சினன்கிட்ட எதுவும் வாங்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏஜெண்ட் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது நீங்களா?"

"ஆமா மொதலாளி."

"ஏன்?"

செண்பகவல்லிதான் சொன்னாள். "வீட்ல அம்மாவுக்கு முடியல சார்."

முதலாளி தாளை என் மேஜையில் வைத்தார். அவர் என் மகன் வயது. அவர் அப்பா காலத்தில் நான் சேர்ந்தேன்.

"நாலு கெட்டது இருந்தாத்தான்ணே நல்லதை நம்புவான். எல்லாம் நல்லதாப் போட்டா எவன் கிழிச்சுப் பார்ப்பான்? அச்சானது அச்சாயிருச்சு, இருக்கட்டும். ஜூலையிலருந்து பழையபடி வையுங்க. நீங்களே எழுதிக் கொடுங்க. ஜூலைன்னா அதுக்குள்ள..."

அங்கே நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தாள் அடுக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 8
விருச்சிகம்: முயற்சி

ஜூலைத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஐந்து நாளாகப் பையில் இருக்கிறது. முதல் தேதி, விருச்சிகத்துக்கு நேராக நான் எழுதித் தருவதற்காக விட்ட வெறும் இடம். அங்கே பயம் என்று எழுதினால், அன்றைக்கு அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்காது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

பேனாவைத் திறந்தேன். மூடினேன். அவள் கூப்பிட்டாள். நல்ல நேரத்தில் கூப்பிட்டாள்.

நவம்பர் 12
விருச்சிகம்: பயம்

காலையில் நட்பு என்று படித்தேன். அவள் சீட்டை வாங்கினாள். இப்போதெல்லாம் கையை நீட்ட மட்டும்தான் முடிகிறது.

"பயம்லங்க போட்டிருக்கு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மூடியில்லாத பெட்டி ஒண்ணு. பக்கத்துல வளைஞ்சு ஒண்ணு. கடைசியில தலையில பொட்டு வச்சுக்கிட்டு ஒண்ணு. நாப்பது வருசமா வருது, எனக்குத் தெரியாதா? நல்ல வார்த்தை ஒண்ணும் எனக்குத் தெரியாது. கெட்டதை மட்டும் அடையாளம் தெரியும்."

"அப்ப ஆடியிலருந்து நான் படிச்சதெல்லாம்?"

"பொய்யின்னு தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து நீங்க எங்கிட்ட இத்தனை நல்ல வார்த்தை பேசினதில்லை."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இதைவிட்டால் கேட்க முடியாது என்று தோன்றியது.

"சித்திரையில தடங்கல்னு படிச்சேனே. அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ பஸ் ஏறியிருப்ப."

அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள்.

"அதுவும் எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். நீங்க படிக்காட்டியும் நான் திரும்பித்தான் இருப்பேன். போங்க, போயி எழுதுங்க."

நெஞ்சிலிருந்து ஒரு தாள்கட்டை இறக்கி வைத்தது போல இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சோறு ருசித்தது. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிவிட்டேன். கை வலிக்கவில்லை.

நவம்பர் 19
விருச்சிகம்: தடங்கல்

காலையில் சீட்டைக் கிழித்தேன். அதே ஐந்து எழுத்து. படிக்காமல் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"என்ன போட்டிருக்கு, சொல்லு பார்ப்போம்."

பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"நீளமா இருக்கே. இதை நான் பார்த்ததில்லை. நல்லதாத்தான் இருக்கும். நீங்க படிங்க."

சீட்டை மடித்தேன். ஓய்வு என்று படித்தேன்.

நவம்பர் 24
விருச்சிகம்: சுகம்

காலை ஆறே முக்கால். சீட்டில் சுகம் என்றே போட்டிருந்தது. மாற்றாமல் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

நவம்பர் 27

வேலம்மா சோறு கொண்டுவந்து வைத்தாள். படிக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

தலையணைக்கு அடியில் நூற்று ஆறு சீட்டு இருந்தது. ஆகஸ்ட் பதினொன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், வரிசை மாறாமல்.

டிசம்பர் 5

பதினாறாம் நாள் கழியட்டும் என்றார்கள். நான் இன்றே அச்சகத்துக்குப் போனேன். ஜூலையிலிருந்து தாள் மெஷின் ஏறாமல் எனக்காக நிற்கிறது. முதலாளி எழுந்து நின்றார். செண்பகவல்லி டீ வாங்கி வந்து வைத்தாள். நான் பையிலிருந்து ஜூலையை எடுத்தேன்.

முதல் தேதி, விருச்சிகம். பயம் என்று எழுதினேன். மூடியில்லாத பெட்டி ஒன்று, வளைந்து ஒன்று, பொட்டு வைத்து ஒன்று. இரண்டாம் தேதி விரயம். மூன்று மேன்மை. நான்கு அலைச்சல். முதலாளி சொன்னபடி டிசம்பர் வரை பழையபடி வைத்தேன். ஒரு நாளும் தப்பவிடவில்லை. பயம் இருக்கட்டும். பயந்தவர்கள் டாக்டரிடமாவது போவார்கள்.

பிறகு திரும்ப ஜூலைக்கு வந்தேன். இந்த முறை பன்னிரண்டு ராசியையும் பார்த்தேன். மேஷத்திலிருந்து மீனம் வரை, எழுத்து எழுத்தாக, ஐந்தெழுத்து வார்த்தை வரும் இடத்தில் மட்டும் நின்றேன். தடங்கல் இருந்த இடத்தில் எல்லாம் அதை அடித்துவிட்டுப் பயணம் என்று எழுதினேன். அச்சாகிப்போன ஆறு மாதத்தில் இருப்பதை இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் பல வாசல்களில் தொங்கத்தான் போகிறது.

செண்பகவல்லி தாளை வாங்கிப் புரட்டினாள்.

"எத்தனை இடம் அய்யா?"

"நாப்பத்தேழு."

"மொதலாளி கேட்டா?"

"எழுத்துப் பிழைன்னு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். நான் பக்கத்தில் நின்று நாற்பத்தேழையும் சரிபார்த்தேன். மூன்று சுழி 'ண'வும் கடைசிப் புள்ளியும் சரியாக இருந்தன. அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பூனை அதன் காலுக்கு அருகே படுத்திருக்கிறது. நோட்டில் இதுவரை நான் இவ்வளவு ஒரே மூச்சில் எழுதியதில்லை. எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு வரி.

ஒரு தடங்கலும் இல்லை.